ஒரே ஒரு வாய்

பல் தேய்த்துவிடும்போதுதான் கண்டுபிடித்தேன். மகளுக்கு அப்போது 3 வயது முடிந்து 2 மாதம். இரவுச் சாப்பாடு ஆகி, கதை சொல்லி, கை கால் கழுவிவிட்டு, பிரஷை வாய்க்குள் விட்டால் வலது கன்னம் லேசாக உப்பியிருக்கிறது. "ஆ காட்டு" என்றேன். காட்டினாள். கடைவாய்க்கும் கன்னத்துக்கும் நடுவே, பாதி சப்பியும் சப்பாமலும், நார் நாராக ஒரு துண்டு பீன்ஸ். அதை நான் ஊட்டி முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. விழுங்கப் பிடிக்காமல், துப்பவும் பயந்து, அத்தனை நேரமும் அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே கதை கேட்டிருக்கிறாள். நடுவில் இரண்டு முறை சிரித்துக்கூட இருக்கிறாள்.

கோபம் வரும் என்றுதான் நினைத்தேன், வெட்கம்தான் வந்தது. ஒரு துண்டு பீன்ஸைத் துப்புவதற்குக்கூட இந்தக் குழந்தை என்னைப் பார்த்துப் பயப்படுகிறது என்றால், நான் அப்படி என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

என்ன செய்துகொண்டிருந்தேன் என்றால், இதுதான். எங்கள் வீட்டில் இரவுச் சமையல் என் வேலை, மனைவி வேலை முடிந்து வர நேரமாகிவிடும், அதனால் ஊட்டுவதும் என் தலையில். ஒரு கையில் கிண்ணம், இன்னொரு கையில் ஸ்பூன், முன்னால் செல்போனில் ஏதோ ஒரு முயல் ஆடிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்து அவள் வாய் பிளக்கும் நொடிக்காகக் காத்திருந்து உள்ளே தள்ளுவேன். என் அம்மா வந்திருந்தால் கூடவே பின்பாட்டு. "ஒரு வாய் வாங்கிக்கோடி கண்ணு, ஒரே ஒரு வாய், இதுதான் கடைசி." அந்தக் கடைசி வாய்க்கு அப்புறம் எப்போதும் இன்னொரு கடைசி வாய் இருக்கும். கடிகாரம் பார்த்திருக்கிறேன், 1 மணி 10 நிமிடம். அதற்குள் என் தட்டு ஆறி, ஓரமெல்லாம் காய்ந்துபோயிருக்கும். சமைத்தவன் சூடாகச் சாப்பிட்டதே கிடையாது.

பத்து நாள் கழித்து சளிக்காக மருத்துவரிடம் போனபோது, போகிற போக்கில் "இவ ஒண்ணுமே சாப்பிட மாட்டேங்கிறா டாக்டர்" என்று புலம்பினேன். அவர் எடையும் உயரமும் குறிக்கும் அட்டையை என் பக்கம் திருப்பினார். கோடு ஒழுங்காக ஏறிக்கொண்டுதான் இருந்தது. "குழந்தை சாப்பிடலையா, இல்ல நீங்க நினைச்ச அளவு சாப்பிடலையா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிறக்கும்போது 3 கிலோ இருக்கும் குழந்தை முதல் பிறந்தநாளுக்குள் ஏறத்தாழ 9 கிலோ ஆகிவிடுகிறது, அதாவது மூன்று மடங்கு. அதே வேகத்தில் போனால் இரண்டாவது பிறந்தநாளுக்கு 27 கிலோ இருக்க வேண்டும்! உண்மையில் இரண்டாவது வருடம் முழுக்கக் கூடுவது 2 அல்லது 2½ கிலோதான், அதற்கு அப்புறம் பள்ளிக்கூடம் போகிற வயது வரை வருடத்துக்குச் சுமார் 2 கிலோ. வளர்ச்சி மெதுவாகிறது, பசியும் அதற்கேற்பக் குறைகிறது. "முன்னாடியெல்லாம் நல்லா சாப்பிடுவா, இப்பதான் இப்படி" என்று எல்லாப் பெற்றோரும் சொல்வது இதைத்தான்.

போதாக்குறைக்கு, ஏறக்குறைய 2 வயதிலிருந்து 6 வயது வரை புதிதாக எதைக் கண்டாலும் சந்தேகப்படும் குணம் உச்சத்தில் இருக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்ட பிள்ளை, நடக்கத் தொடங்கியபின் ஒரு பச்சைத் துணுக்கைக் கண்டால் தட்டையே தள்ளுகிறது. நடமாடத் தொடங்கிய குழந்தை கண்ட இலையையும் காயையும் பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இயற்கை போட்ட பூட்டு அது என்று ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அந்த விளக்கம் பிடித்திருக்கிறது, குறைந்தபட்சம் அடம் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒதுக்கி வைக்க உதவியது.

அப்புறம்தான் எலின் சாட்டரைப் பற்றிப் படித்தேன். அமெரிக்க உணவியல் நிபுணர், குடும்ப ஆலோசகரும்கூட. 1980களிலிருந்தே அவர் சொல்லிவரும் விஷயம் ஒன்றுதான்: என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்பதெல்லாம் பெரியவர்கள் பாடு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தை பாடு. நான் இதை அப்படியே தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். "உனக்கு என்ன வேணும்?" என்று அவளிடம் கேட்டுச் சமைப்பேன், எவ்வளவு சாப்பிட வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன். ஊட்டுவது சோபாவில், சில நாள் நடைபாதையில், சில நாள் அவள் பின்னாலேயே ஓடி.

சரி, ஒரு வாரம் செய்து பார்ப்போம் என்று இறங்கினோம். செல்போனை இன்னொரு அறையில் வைத்தோம். எல்லாவற்றையும் மேஜை நடுவில் வைத்து, அவரவர் எடுத்துக்கொள்வது. அவளுக்கு நிச்சயமாகப் பிடிக்கும் ஒன்று, ரொட்டியோ தயிரோ உருளைக்கிழங்கோ, கட்டாயம் மேஜையில் இருக்கும். அவளுக்கென்று தனிச் சமையல் கிடையாது. யாரும் "சாப்பிடு" என்று சொல்லக் கூடாது.

முதல் நாள் பாதி ரொட்டி தின்றுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். இரண்டாம் நாள் ஒரு முழு ரொட்டி, வேறொன்றும் இல்லை. மூன்றாம் நாள் தயிர் மட்டும், அதுவும் நாலு ஸ்பூன். ராத்திரி படுக்கையில் "பசிக்குது" என்றாள். நானும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பட்டினி போட மனசு வருமா? ஒரு வாழைப்பழம் கொடுத்தோம். மறுநாளிலிருந்து அந்த வாழைப்பழத்துக்கே ஒரு நேரம் வைத்துவிட்டோம்: இரவு எப்படிச் சாப்பிட்டிருந்தாலும் படுப்பதற்கு முன்னால் ஒரு பழம். அப்படி வைத்ததும் அது தண்டனையும் இல்லை, தப்பிக்கும் வழியும் இல்லை, வெறும் வாழைப்பழம் ஆகிவிட்டது. ஐந்தாம் நாள் உருளைக்கிழங்கை இரண்டாவது முறை அவளே எடுத்துப் போட்டுக்கொண்டாள். நான் கவனிக்காத மாதிரி என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கவனிக்காத மாதிரி இருப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை. வாயால் சொல்லாவிட்டாலும் கண்ணாலேயே எண்ணிக்கொண்டிருப்போம், பிள்ளைகளுக்கு அது தெரிந்துவிடும். "அட, கேரட் சாப்பிட்டியா, சமத்து!" என்று கைதட்டுவதும் வற்புறுத்தலின் அண்ணன் தம்பிதான், நாளைக்குச் சாப்பிடாவிட்டால் சமத்து இல்லை என்றாகிவிடுகிறதே. 2006ல் லீன் பர்ச் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு சூப் கொடுத்தார்கள். ஒரு வகை சூப் வரும்போது "சூப்பை முடி" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள், இன்னொரு வகைக்கு ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாத சூப்பைத்தான் பிள்ளைகள் அதிகம் குடித்தார்கள், முடி முடி என்று சொன்ன சூப்பைப் பற்றித்தான் குறையும் அதிகம் சொன்னார்கள். என் மகளை வைத்து நானே இந்த ஆய்வைச் செய்திருக்கலாம் போலிருந்தது.

லஞ்சத்தின் கதையும் அதேதான். "கீரையை முடிச்சா சாக்லேட்." இதிலிருந்து குழந்தை என்ன கற்றுக்கொள்கிறது? கீரை வேலை, சாக்லேட் கூலி. 1980களிலேயே பர்ச் குழுவினர் இதையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்: பரிசுக்காக ஒரு பானத்தைக் குடிக்க வைத்த குழந்தைகளுக்கு, பிறகு அந்தப் பானத்தின் மீதே விருப்பம் குறைந்துபோனது. ஆனால் எல்லாப் பரிசும் கெடுதல் என்றும் சொல்லிவிட முடியாது. ஒரே ஒரு சின்னத் துணுக்கைத் தினமும் சுவைத்துப் பார்த்ததற்கு ஒரு ஸ்டிக்கர் என்று கொடுத்தபோது பிள்ளைகளுக்கு அந்தக் காய் பிடித்துப்போன ஆய்வும் இருக்கிறது. தின்பண்டத்தைக் கூலியாக்குவதுதான் சிக்கல் என்று நான் புரிந்துகொண்டேன். இனிப்பு செய்யும் நாளில் நாங்கள் இப்போது அதைச் சாப்பாட்டோடு சேர்த்தே ஒரு சின்னத் துண்டு வைத்துவிடுகிறோம். முதலில் அதைத்தான் தின்பாள், தின்னட்டும். அப்புறம் பசி மிச்சம் இருக்கும், மேஜையில் இருப்பதைத்தானே எடுத்தாக வேண்டும்.

"அப்படி விட்டுவிட்டால் வெறும் ரொட்டியிலேயே வளர்ந்துவிடாதா?" என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. இதற்குக் கிட்டத்தட்ட நூறு வருடத்துக்கு முந்தைய ஒரு விசித்திரமான பதில் இருக்கிறது. கிளாரா டேவிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், தாய்ப்பால் மறக்கும் வயதுக் குழந்தைகளை வைத்து, தங்கள் உணவைத் தாங்களே தேர்ந்தெடுக்க விட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார். 1928ல் முதல் முடிவுகள், 1939ல் மொத்த முடிவுகளின் சுருக்கம். மொத்தம் 15 குழந்தைகள், பட்டியலில் 34 உணவுகள். செவிலியர் ஸ்பூனோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பார், குழந்தை ஒன்றைத் தொட்டாலோ காட்டினாலோ மட்டும் ஊட்டுவார், எதை எடுத்தது, எதை விட்டது என்பதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஒரு குழந்தை காலையில் அரை லிட்டர் ஆரஞ்சுச் சாறும் ஈரலும் சாப்பிடும், இன்னொன்று இரவில் பல முட்டைகளும் வாழைப்பழமும் பாலும் சாப்பிடும். ஒருவர் சாப்பாடு இன்னொருவர் சாப்பாடு மாதிரி இருந்ததே இல்லை. எல்லோரும் நன்றாக வளர்ந்தார்கள்.

இதைப் படித்துவிட்டு "குழந்தைக்கு எது தேவை என்று அதற்கே தெரியும்" என்று குதிப்பவர்கள் உண்டு. டேவிஸ் அப்படிச் சொல்லவில்லை. சூட்சுமம் உணவுப் பட்டியலில்தான் இருக்கிறது என்று அவரே ஒப்புக்கொண்டார். அந்த 34ல் சர்க்கரை இல்லை, பாக்கெட் தீனி இல்லை. எதை எடுத்தாலும் நல்லதாகத்தான் இருக்கும். பிஸ்கட் டப்பாவை மேஜை மேல் வைத்துவிட்டு "நீயே தேர்ந்தெடு" என்று சொல்வது வேறு கதை. எங்கள் வீட்டில் உண்மையான மாற்றம் மேஜையில் நடக்கவில்லை, அலமாரியில் நடந்தது. வாங்காத பொருளுக்காகக் குழந்தையோடு சண்டை போட வேண்டியதில்லை. (நான் எனக்காக மேல் தட்டில் ஒளித்து வைத்திருக்கும் சிப்ஸ் பற்றி இங்கே பேசப்போவதில்லை.)

பசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாலு மணிக்குப் பழச்சாறு, ஐந்து மணிக்குப் பிஸ்கட், ஆறு மணிக்கு ஒரு டம்ளர் பால், ஏழரைக்குச் சாப்பாடு என்றால் எந்தக் குழந்தைக்குப் பசிக்கும்? பால் நல்லதுதான், ஆனால் நாளெல்லாம் பாலிலேயே வயிற்றை நிரப்பும் குழந்தைகளுக்கு இரும்புச்சத்துக் குறைவு வருவது மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கும் விஷயம். பாலில் இரும்பு மிகக் குறைவு, அதோடு அது மற்ற சாப்பாட்டின் இடத்தையும் பிடித்துக்கொள்கிறது. பழச்சாறு 1 வயது வரை வேண்டவே வேண்டாம், 3 வயது வரை நாளுக்கு அதிகபட்சம் 120 மில்லி என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2017ல் சொன்னது. நாங்கள் சாறை நிறுத்திவிட்டுப் பழத்தையே கொடுத்தோம். இரண்டு வேளைக்கு நடுவில் இரண்டரை மூன்று மணி நேரம் தண்ணீர் மட்டும். இதை மட்டும் செய்தாலே பாதி வேலை முடிந்தது என்று நினைக்கிறேன்.

இனி சமையல். ஆரோக்கியமான சாப்பாடு என்றால் சப்பென்று இருக்க வேண்டும் என்று நமக்கு யார் சொன்னது? நான் முதலில் செய்ததெல்லாம் உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், குழைய வேகவைத்த காய்கள். முட்டைக்கோஸும் காலிஃபிளவரும் வேக வேக அதிலிருக்கும் கந்தகச் சேர்மங்கள் உடைந்து ஒரு நாற்றம் வரும், எனக்கே வயிற்றைப் புரட்டும், குழந்தைக்கு எப்படிப் பிடிக்கும்? அதே காலிஃபிளவரைச் சின்னப் பூக்களாகப் பிரித்து, எண்ணெய் தடவி, அகலமான வாணலியில் கூட்டம் சேர்க்காமல் பரப்பி, கிளறாமல் விட்டுவிட்டால் ஓரம் பழுப்பாகி இனிப்பு ஏறும். ஓரம் மொறுமொறு என்றிருந்தால் என் இளைய பிள்ளை, மகன், பூவை விட்டுவிட்டு அந்த ஓரத்தை மட்டும் சுரண்டித் தின்பான். கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டின் உடலில் சேர்வதற்கும் கொஞ்சம் கொழுப்பு வேண்டும், அதனால் அந்த எண்ணெய்க்காகக் குற்ற உணர்ச்சி தேவையில்லை.

வேகவைத்த கேரட்டை மகள் இன்றுவரை தொட்டதில்லை. பச்சைக் கேரட்டைத் துருவிப் போட்டால் கிண்ணம் காலி. பிடிக்காதது கேரட் இல்லை, அந்த வழவழப்பு. இது புரிய எனக்கு ஒரு வருடம் ஆனது. குழந்தை "பிடிக்கல" என்றால் எது பிடிக்கவில்லை என்று கொஞ்சம் துருவிப் பார்க்க வேண்டும்: வழவழப்பா, வாசனையா, பருப்போடு அது கலந்து கிடப்பதா. சில பிள்ளைகளின் நாக்கு மரபிலேயே கசப்பை அதிகம் உணரும், ஒரே வீட்டில் ஒரே கீரை ஒருவருக்கு இலை மாதிரியும் இன்னொருவருக்கு மருந்து மாதிரியும் இருக்கலாம்.

ஒரு புதுக் காய் பழகுவதற்கு எட்டிலிருந்து பதினைந்து தடவைகூட ஆகலாம் என்கிறார்கள். நாம் மூன்றாவது தடவையிலேயே "இவளுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறோம். பட்டாணிக்கு நான் காலண்டரில் புள்ளி வைத்தேன். ஒரு ஸ்பூனெல்லாம் இல்லை, ஓரத்தில் மூன்றே மூன்று பட்டாணி. முதல் நாலு தடவை தள்ளி வைத்தாள். ஐந்தாவது தடவை விரலால் நசுக்கினாள், தோல் கழன்று உள்ளே இரண்டு பாதி வந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டாள். ஏழாவது தடவை நக்கினாள். ஒன்பதாவது தடவை வாயில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அப்போது ஒரு சட்டம் போட்டோம், எங்கள் வீட்டில் அதற்கு அப்புறம் போட்ட ஒரே சட்டம்: பிடிக்காவிட்டால் துப்பலாம், மேஜையில் அதற்கென்று ஒரு காகிதத் துண்டு இருக்கும். துப்பினாள். பன்னிரண்டாவது தடவை மூன்றையும் தின்றுவிட்டாள். துப்பலாம் என்று தெரிந்த பிறகுதான் அவளுக்கு வாயில் போடவே தைரியம் வந்தது, அந்த பீன்ஸ் நாளுக்கு முன்னாலேயே இது எனக்குத் தெரிந்திருக்கலாம்.

ஒளித்து வைத்து ஊட்டுவதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. பீட்ரூட்டை அரைத்து மாவில் கலந்து "சிவப்பு ரொட்டி" என்று கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒரு நாள் மிக்ஸியைத் திறந்து பார்த்துவிட்டாள். அதற்கு அப்புறம் மூன்று வாரம் வெள்ளை ரொட்டியைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் தின்றாள். சத்து உள்ளே போகிறது என்பது உண்மைதான், ஆனால் பீட்ரூட் என்று அதன் பெயரோடும் முகத்தோடும் பழகவே இல்லையே. சூப்பில் காயை அரைத்துப் போடலாம், போட்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போடலாம்.

சமையலறைக்குள் விட்டதும் நல்ல பலன் தந்தது, சமையல் நேரம் இரண்டு மடங்கானதைத் தவிர. பட்டாணி உரிக்கச் சொன்னால் பாதி வாய்க்குள் போய்விடும், அதற்காகத்தான் சொல்வதே. மகன் 3 வயதில் முட்டை உடைப்பான், ஓட்டைப் பொறுக்குவது என் வேலை. தான் கழுவிய வெள்ளரிக்காயை எல்லோருக்கும் பரிமாறிவிட்டுத் தானும் ஒன்று எடுத்துக்கொள்வான், யாரும் சொல்லாமலே.

2023ல் உலக சுகாதார நிறுவனம் 2 முதல் 5 வயதுப் பிள்ளைகளுக்குக் காயும் பழமும் சேர்த்து நாளுக்கு 250 கிராமாவது வேண்டும் என்றது. படித்ததும் தராசை எடுத்தவன் நான். ஒரு வாழைப்பழமே தோல் நீக்கி 100 கிராமுக்கு மேல் வருகிறது என்று பார்த்ததும் தராசை உள்ளே வைத்துவிட்டேன்.

எடை குறைந்தாலோ, கோடு கீழே சரிந்தாலோ, விழுங்கும்போது அடிக்கடி புரையேறினாலோ ஓங்கரித்தாலோ, சாப்பிடும் பொருட்கள் ஏழெட்டாகச் சுருங்கி அதுவும் குறைந்துகொண்டே போனாலோ, இதையெல்லாம் படித்துக்கொண்டு காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். அது வேறு விஷயம், பொறுமையால் தீராது.

இப்போது மகளுக்கு 6, மகனுக்கு 3. இரவுச் சாப்பாடு 25 நிமிடம், நானும் சூடாகச் சாப்பிடுகிறேன். போன வாரம் அம்மா வந்திருந்தார், "ஒரே ஒரு வாய்" என்று ஸ்பூனைத் தூக்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டார். பீன்ஸ் செய்திருந்தேன். மகள் இன்னும் பீன்ஸ் சாப்பிடுவதில்லை, ஆனால் இரண்டு துண்டு எடுத்துத் தட்டோரம் வைத்துக்கொள்வாள், ஏன் என்று நான் கேட்டதில்லை. தம்பி எட்டி அதில் ஒன்றை எடுத்தான். "டேய், அது என்னோடது" என்று பிடுங்கி மறுபடி தன் தட்டிலேயே வைத்துக்கொண்டாள். தின்னவில்லை.